கோலாலம்பூர் வெக்கையில் கடல்நீர்த் தொட்டி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடல்நீர் மீன்தொட்டி வைக்க ஆசைப்பட்டு யோசனை கேட்பவர்கள் முதலில் மீனைப் பற்றிப் பேசுவார்கள், அடுத்து விளக்கைப் பற்றி. தண்ணீரை எப்படிக் குளிர வைக்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பேச்சு அப்படியே நின்றுவிடும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர் நாடுகளில் இருப்பவர்கள் எழுதியவை. முதல் பக்கத்திலேயே ஹீட்டர் வாங்கச் சொல்லும். செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ அடுக்குமாடி வீட்டில் இருப்பவருக்கு ஹீட்டர் எதற்கு? அந்தப் பணத்தை எடுத்துத் தனியே வையுங்கள். குளிரூட்டத் தேவைப்படும்.

முதலில் சூட்டுக்கு வழி

பவளமும் கடல்மீனும் நிம்மதியாக இருக்கும் வெப்பம் 25 முதல் 27 டிகிரி வரை. இங்கே பகலில் வீட்டுக்குள்ளேயே 30, 31 டிகிரி சாதாரணம். மோட்டார்களும் விளக்கும் தங்கள் சூட்டையும் சேர்த்துக்கொள்ளும். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப்போகும், பிறகு பட்டினி கிடந்து சாகும். கடலிலும் இதேதான் நடக்கிறது. 2010-இல் கடல் சூடேறியபோது தியோமான், ரெடாங் பக்கம் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கம் தற்காலிகமாக மூடியது இதனால்தான். சூடு கூடக் கூடத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும், மீனின் மூச்சுத் தேவையோ கூடும். இரண்டும் சேர்ந்து வரும் என்பதுதான் ஆபத்து.

வழிகள் மூன்று. முதலாவது, நீர்ப்பரப்பின் மேல் காற்றை வீசும் சின்ன விசிறி. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் நம் ஊர்க் காற்று ஏற்கெனவே ஈரம் நிறைந்தது, அதனால் மழைநாளில் விசிறி அவ்வளவாக உதவாது. இரண்டாவது சில்லர். குளிர்சாதனப் பெட்டி மாதிரியே கம்பிரசர் வைத்து வேலை செய்யும். விலை பல நேரம் தொட்டியின் விலையையே மிஞ்சும். மூன்றாவது, எந்நேரமும் ஏர்கோன் ஓடும் அறை. அலுவலகத்துக்குச் சரி, வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. இரவில் மட்டும் ஏர்கோன் போடும் படுக்கையறையில் தொட்டியை வைத்தால், இரவு 25-க்கு இறங்கி பகலில் 30-க்கு ஏறும். தினமும் இப்படி ஏறி இறங்குவதைவிட ஒரே சீராக 28-இல் நிற்பது உயிர்களுக்கு எளிது.

என் கருத்தைக் கேட்டால், பணம் குறைவாக இருந்தால் விசிறி போதும், பவளங்களில் எளிதில் சாகாத மென்பவளங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்லெலும்பு உள்ள பவளங்கள் வேண்டுமென்றால் சில்லர் இல்லாமல் இறங்காதீர்கள். சில்லரை 24-க்கு வைக்க வேண்டாம், 26 அல்லது 27 போதும். மின்கட்டணமும் குறையும், ஒருநாள் அது பழுதானாலும் தண்ணீர் தாவிக் குதிக்க வேண்டிய தூரம் குறைவு. இன்னொன்று: சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் கொட்டும். அதைத் தொட்டிக்கு அடியில் அலமாரிக்குள் பூட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தான் விட்ட சூடான காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும் அந்த இயந்திரம். நாலு பக்கமும் காற்றோட்டம் வேண்டும்.

அளவும் இடமும்

சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும். உண்மை நேர்மாறானது. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் அழுக்கும் சீக்கிரம் ஏறும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி நல்ல தொடக்கம். ஏறக்குறைய 180 லிட்டர் பிடிக்கும். இடமில்லாவிட்டால் இரண்டடி, அதற்குக் கீழே வேண்டாம். ஆசையாகத் தொடங்கிப் பாதியில் விட்டவர்கள் விற்கும் பழைய தொட்டிகள் மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம். நோய்க்குச் செம்பு மருந்து போட்ட தொட்டியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இறால், நத்தை, பவளம் எதற்கும் செம்பு ஆகாது.

180 லிட்டர் தண்ணீரோடு கண்ணாடி, பாறை, மேசை எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவைத் தாண்டிவிடும். கூடத்தின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக, உத்தரம் ஓடும் இடத்தில் வையுங்கள். மாலை வெயில் விழும் மேற்கு ஜன்னல் பக்கம் வேண்டவே வேண்டாம். கொண்டோவில் இருப்பவர்கள் கீழ்வீட்டுக்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள். கூரையில் ஈரம் இறங்கினால் நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும், அதற்கப்புறம் மின்தூக்கியில் முகம் பார்த்துச் சிரிக்க முடியாது.

சாமான்கள்

தொட்டிக்குக் கீழே சம்ப் எனப்படும் இரண்டாவது தொட்டி இருந்தால் நல்லது. ஸ்கிம்மரும் மற்றக் கருவிகளும் அதற்குள் மறைந்துவிடும். ஸ்கிம்மர் நுண்குமிழிகளை விட்டு, கழிவு அழுகுவதற்கு முன்பே நுரையாகப் பிரித்தெடுக்கும். நீரோட்டத்துக்கு வேவ்மேக்கர் இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும். விளக்குக்கு எல்இடி. இன்னும் பவளமே வாங்காதவர் விலையுயர்ந்த விளக்கில் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர், அதைச் சரிபார்க்கும் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவம், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், காரத்தன்மை சோதனைப் பெட்டிகள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்ப வேண்டாம்.

மின்சாரத்தில் கவனம். ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். கம்பி வழியே ஒழுகும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வீட்டு மின்பெட்டியில், மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கசிவு வெட்டி வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உப்புநீரும் மின்சாரமும் சேரும் இடம் இது.

தண்ணீர்

குழாய்த் தண்ணீரில் நேராக உப்புக் கரைப்பது பாசிக்குச் சோறு போடுவது மாதிரி. குளோரின் மட்டும்தான் சிக்கல் என்றால் மருந்து போட்டு முறித்துவிடலாம். கரைந்திருக்கும் பாஸ்பேட், சிலிக்கேட், பழைய குழாயிலிருந்து வரும் செம்பு இவற்றையெல்லாம் அந்த மருந்து எடுக்காது. ஆர்ஓ எனப்படும் சவ்வு வடிகட்டியும், அதன் பின்னால் மிச்சமிருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசினும் வேண்டும். வெளிவரும் நீரில், கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும்.

மாடிவீடுகளில் குழாய் அழுத்தம் குறைவு. ஆர்ஓ சொட்டுச் சொட்டாக விழுந்தால் வடிகட்டியைக் குறை சொல்லாமல் பூஸ்டர் பம்ப் ஒன்று சேருங்கள். நீர்த்தடை முடிந்து திரும்பி வரும் பழுப்புத் தண்ணீர் முதல் வடிகட்டியை ஒரே நாளில் அடைத்துவிடும். குழாயைத் திறந்து தெளியும்வரை ஓடவிட்ட பிறகே ஆர்ஓவைத் திறக்க வேண்டும். ஒதுக்கப்படும் கழிவுநீரை வாளியில் பிடித்தால் தரை கழுவ ஆகும். குடியிருப்புப் பகுதிகளில் சில்லறை போட்டால் தண்ணீர் தரும் இயந்திரங்கள் இருக்கின்றனவே, அதில் பிடிக்கலாமா என்று கேட்பார்கள். மீட்டரோடு போய்ப் பாருங்கள். சில இயந்திரங்கள் நல்ல நீர் தரும், சிலவற்றில் சுவைக்காகத் தாது சேர்த்திருப்பார்கள். பராமரிப்பும் ஒரே மாதிரி இருக்காது. அவசரத்துக்கு ஆகும், வழக்கமாக்க வேண்டாம்.

போர்ட்டிக்சனுக்கோ பினாங்கு பத்து ஃபிரிங்கிக்கோ போகும்போது கடல்நீரையே பிடித்து வந்தால் என்ன என்ற யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும். மலாக்கா நீரிணைக் கரையோரம் சேறும் கழிவும் கலந்த நீர். மழைக்குப் பிறகு உப்பும் குறைந்திருக்கும். வேண்டாம்.

கடல்தொட்டிக்கென்றே விற்கும் உப்பைக் கலப்பது எளிது. லிட்டருக்கு 36 கிராம் அளவில் தொடங்குங்கள். 180 லிட்டருக்கு ஏறக்குறைய ஆறரை கிலோ. தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் படிந்து வெள்ளையாகக் கலங்கிவிடும். மோட்டார் போட்டு ஒருநாள் சுழலவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 அல்லது உப்பளவு 35 பிபிடி வருகிறதா பாருங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி எல்லாவற்றையும் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணையுங்கள். மேலிருந்து குழாய் வழியே இறங்கும் நீரை சம்ப் தாங்குகிறதா, வழிகிறதா? வழிந்தால் சம்ப்பின் நீர்மட்டத்தை இப்போதே குறைத்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மின்தடை வரும் இரவில் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். ஆகவே குறையும் அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். இதைப் புரியாமல் உப்புநீரையே ஊற்றி உப்பை ஏற்றிக்கொண்டே போவது புதியவர்களிடம் அதிகம். விசிறி வைத்தவர்களுக்குத் தினம் ஒன்றிரண்டு லிட்டருக்குக் குறையாமல் போகும். தானாக நிரப்பும் கருவி ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். விசிறியோடு சேர்த்து அதையும் வாங்கிவிடுங்கள்.

பாறையும் காத்திருப்பும்

இந்த அளவுத் தொட்டிக்கு 15 கிலோவை ஒட்டிய உலர்பாறை போதும். கண்ணாடியிலிருந்து நாலு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள், பாசி துடைக்கும் காந்தம் போய்வர வேண்டும். பாறையைத் தரைக்கண்ணாடியில் உட்கார வைத்த பிறகு மணலைப் போடுங்கள். மணல் மேல் பாறையை வைத்தால், மண் தோண்டும் மீன் ஒன்று வந்தால் எல்லாம் சரிந்துவிடும். தீவுகளுக்குச் சுற்றுலா போகும்போது கரையில் கிடக்கும் செத்த பவளத்தைக்கூட எடுத்துவர வேண்டாம். பாயார், ரெடாங், தியோமான் போன்ற கடல்பூங்காக்களில் அது குற்றம். கல்பவளங்கள் அனைத்தும், அழியும் ஆபத்துள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. கடையில் வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை.

பாறை வைத்ததும் மீன் விடக்கூடாது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நல்லதில்லை. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும், அது ஓரளவு வரை தீங்கற்றது. இந்த இரண்டு கூட்டமும் பாறையில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புட்டியில் விற்கும் பாக்டீரியாவை ஊற்றி, அம்மோனியாக் கரைசலை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும்வரை சேர்த்துத் தொடங்குங்கள். பழைய முறைப்படி ஒரு டாம்செல் மீனை விட்டு அது பிழைக்கிறதா என்று பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கொடுமை ஒருபுறம் இருக்கட்டும். பிழைத்த டாம்செல் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று எண்ணி, பின்னால் வரும் ஒவ்வொரு மீனையும் கடித்துத் துரத்தும். பாறையைப் பிரிக்காமல் அதைப் பிடிக்கவும் முடியாது.

2 பிபிஎம் அம்மோனியா போட்டு, மறுநாள் சோதித்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அதுவரை பொறுங்கள். பிறகு பெரிய நீர்மாற்றம் ஒன்று செய்து நைட்ரேட்டைக் குறையுங்கள். இந்தக் காலத்தில் விளக்கை எரியவிட வேண்டியதில்லை. எரிந்தால் பாசிக்குத்தான் லாபம். அதற்குப் பின்னும் மணல்மேல் பழுப்புத் தூள் படியும், அப்புறம் பச்சை மயிர்ப்பாசி வரும். புதுத் தொட்டியில் இது வழக்கம். நாலைந்து டிரோக்கஸ் நத்தை விட்டு, கையால் பிடுங்கி எறிந்துகொண்டிருங்கள். பாசிக்கொல்லி மருந்து வாங்க ஓடாதீர்கள்.

மீன்

முதல் மீனாக ஒரு ஜோடி கோமாளி மீன். ஆரஞ்சு உடலில் மூன்று வெள்ளைப் பட்டை போட்ட ஒசெல்லாரிஸ் வகை நம் கடல்களிலேயே உண்டு, ஆனாலும் பண்ணையில் பொரித்ததைக் கேட்டு வாங்குங்கள். தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, கொடுப்பதைத் தின்னும். அதற்குக் கடல் அனிமோன் கட்டாயம் என்று நினைத்து முதல் மாதமே வாங்கிவிடாதீர்கள். கோமாளி மீன் அனிமோன் இல்லாமலே நன்றாக வாழும். அனிமோன்தான் ஆறு மாதமாவது பழகிய தொட்டியைக் கேட்கும்.

அடுத்து மஞ்சள் வாட்ச்மேன் கோபி, பாசி மேயும் பிளென்னி, பங்காய் கார்டினல் போன்ற அமைதியானவை. மூன்றடித் தொட்டிக்குச் சின்ன மீன் ஐந்தாறு போதும். சாதுவை முதலிலும் சண்டைக்காரனைக் கடைசியிலும் விடுங்கள். நீல டாங் மீன் கடையில் கட்டைவிரல் அளவில் நிற்கும், வளர்ந்தால் ஓரடி. அதற்கு மூன்றடித் தொட்டி சிறை. மாண்டரின் மீனின் அழகில் மயங்காதவர் இல்லை. ஆனால் அது நுண்ணிய ஓடுயிரிகளை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும், புதுத் தொட்டியில் அவை இருக்காது. கண்ணெதிரே வற்றிச் சாகும். கோபி வகைகள் குதிக்கும், மேலே வலை போட்டுவிடுங்கள். கண்ணாடி மூடி வேண்டாம், சூடு அடைந்துகொள்ளும்.

கடையில் மீனைத் தேர்ந்தெடுக்கும்போது கடைக்காரரை உணவு போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத மீனை வாங்க வேண்டாம். தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டியிருந்தால், செவுள் வேகமாக அடித்தால், உடலில் உப்புத்தூள் மாதிரிப் புள்ளி இருந்தால் நகர்ந்துவிடுங்கள். கடலில் சயனைடு தெளித்துப் பிடித்த மீன் கடையில் நன்றாகத்தான் தெரியும், வாரங்கள் கழித்துக் காரணம் தெரியாமல் செத்துப்போகும். எனவே புதிதாக வந்திறங்கிய மீனுக்கு முன்பணம் கொடுத்து, ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். ஐஸ் பெட்டி ஒன்று எடுத்துப் போங்கள். நெரிசலில் மாட்டிய காருக்குள் மீன் பை எவ்வளவு சீக்கிரம் சூடேறும் என்பது நம் சாலைகளில் ஓட்டுபவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். 40 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டு போதும். நாலு முதல் ஆறு வாரம் அதில் தனியாக இருக்கட்டும். கடல்மீனுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்கிருமி பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து இரண்டரை மாதம் தொட்டியை மீனில்லாமல் போட வேண்டும். செம்பு மருந்தெல்லாம் இந்தச் சின்னத் தொட்டியோடு சரி. கிருமியை அடக்கக் கடைகளில் உப்பைக் குறைத்து வைத்திருப்பார்கள். எவ்வளவு என்று கேட்டு, தனித்தொட்டியையும் அதே அளவில் வைத்து, சில நாள்களில் மெல்ல உயர்த்துங்கள். உப்பு திடீரென்று கூடுவது மீனுக்குப் பெரும் சிரமம்.

பவளம்

மீன் விட்டு இரண்டு மூன்று மாதமாகி, உப்பும் சூடும் காரத்தன்மையும் ஒரே இடத்தில் நிற்கத் தொடங்கியதும் பவளத்துக்கு வரலாம். காளான் பவளம், டோட்ஸ்டூல் எனப்படும் தோல்பவளம், கென்யா மரம் இவை முதலில். பச்சை நட்சத்திரப் பவளம் பார்க்க அழகு, ஆனால் படர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடும். தனிப் பாறையில் தீவாக வையுங்கள். இவை சில மாதம் விரிந்து நின்றால் ஹேமர், டங்கன், கேண்டி கேன் போன்ற கல்லெலும்புப் பவளங்கள். ஹேமர் இரவில் நீண்ட கொடுக்குகளை நீட்டிப் பக்கத்துப் பவளத்தைச் சுடும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

ஸோவாந்திட் எனப்படும் பொத்தான் பவளங்களைக் கையாளும்போது கையுறையும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கட்டாயம். பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு சில வகைகளில் இருக்கிறது. அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்தால் ஆவியோடு நஞ்சு பரவி வீட்டில் இருப்பவர்களையே மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். இதில் விளையாட்டு வேண்டாம்.

எந்தப் பவளமானாலும் மருந்து நீரில் முக்கி, ஒட்டியிருக்கும் புழுவும் நத்தைமுட்டையும் போன பிறகே உள்ளே வைக்க வேண்டும். முதலில் மணல்மீது, வெளிச்சம் குறைந்த இடத்தில். விளக்கை முழு வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். பவளம் வெளுத்தால் வெளிச்சமோ சூடோ அதிகம். பழுப்பேறினால் பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை அல்லது நீரில் சத்து கூடிவிட்டது.

எண்கள்: காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மக்னீசியம் 1300-ஐ ஒட்டி. நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்கத் துடிக்காதீர்கள், பவளம் பட்டினி கிடக்கும், டைனோ எனும் சளிபோன்ற பாசி அந்த இடத்தைப் பிடிக்கும். தொடக்கத்தில் வாரம் 10 விழுக்காடு நீர்மாற்றமே கால்சியத்தையும் காரத்தையும் ஈடுகட்டிவிடும். தனியே ஊற்றும் ரசாயனங்களை, காரத்தன்மை வாரத்துக்கு வாரம் இறங்குவதைச் சோதனையில் பார்த்த பிறகு வாங்குங்கள்.

நம் ஊருக்கே உரிய தொல்லைகள்

டிங்கிக்குப் புகையடிக்கப் போகிறோம் என்று மின்தூக்கியில் அறிவிப்பு ஒட்டினால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அந்தப் பூச்சிமருந்து மீனுக்கு நஞ்சு, இறாலும் நண்டும் முதலில் விழும். ஸ்கிம்மரும் காற்றுமோட்டாரும் அறைக்காற்றை இழுத்துத் தண்ணீரில் கரைப்பவை. புகையடிக்கும் முன் அவற்றை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, தொட்டியை பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். வேவ்மேக்கர் ஓடட்டும். புகை அடங்கி வீட்டில் காற்று மாறிய பிறகு திறந்து, ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். கொசுவுக்கு அடிக்கும் டின் மருந்தும் இதே இனம், தொட்டியிருக்கும் அறையில் அடிக்கவே கூடாது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியைத் தொட்டிப் பக்கம் கொண்டுவராமல் இருப்பதும் நல்லது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

புகைமூட்டக் காலத்தில் ஜன்னலை அடைத்து ஆள்கள் உள்ளேயே இருந்தால் அறையில் கரியமில வாயு கூடி, தொட்டியின் பிஹெச் (நீரின் அமில, கார நிலையைக் காட்டும் அளவு) இறங்கும். கொஞ்சம் இறங்கினால் பதற வேண்டாம், பிஹெச் ஏற்றும் மருந்தும் வேண்டாம். காற்று தெளிந்த நாளில் ஜன்னலைத் திறந்தால் ஏறிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மின்னலுக்கு மெயின் சுவிட்ச் விழும், வீட்டில் ஆள் இருக்காது. நீரோட்டம் நின்ற சூடான தொட்டியில் சில மணி நேரத்திலேயே மீன் மூச்சுத் திணறும். மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரிக் காற்றுமோட்டார் பெரிய செலவில்லை. முதல் மீனுக்கு முன்பே அது வீட்டில் இருக்கட்டும்.

தீபாவளிக்கு ஊருக்குப் போவதாக இருந்தால், கிளம்புவதற்கு முதல்நாள் நீர்மாற்றம் செய்யாதீர்கள். ஏதாவது தவறினால் பார்க்க ஆள் இருக்காது. ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். தானாக நிரப்பும் கருவியின் நீர்க்கலனை விளிம்புவரை நிரப்புங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்தால் உணவு டப்பாவைக் கொடுக்காதீர்கள், பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுவார். மாத்திரைப் பெட்டியில் நாளுக்கொரு கட்டமாகப் பிரித்து வையுங்கள். வளர்ந்த மீன் ஒருநாள் விட்டு ஒருநாள் தின்றாலும் போதும். தண்ணீர் குறைந்தாலும் குழாய்நீரை ஊற்ற வேண்டாம், எனக்குப் போன் போடுங்கள் என்று எழுதித் தொட்டிக் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.